தெரசா வீட்டுக் குட்டி முட்டை

மலேசியாவில், கிள்ளானில் ஒரு முட்டைக் கிடங்கில் இருபத்திரண்டு வருடம் கேண்டலிங் பார்த்தேன். முட்டையை விளக்குக்கு முன்னால் பிடித்து உள்ளே பார்க்கிற வேலை. மஞ்சள் கரு இல்லையா, ஓடு மெலிசா, ரத்தப் புள்ளியா, சூப்பர்வைசருக்குக் கேட்கும்படி "ரிஜெக்ட்" என்று சொல்லி வாளியில் போட வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சொல் என் வாயை விட்டுப் போகவில்லை. அதனால் வந்த வினைதான் இது.

பக்கத்து வீட்டுத் தெரசாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். அதற்கு முன் ஒன்று கலைந்திருந்தது. பிள்ளை பெற்றதும் சாப்பிடக் கம்பத்துக் கோழி முட்டை, அதாவது நாட்டுக்கோழி முட்டை, வேண்டும் என்று வீட்டுக்குப் பின்னால் ஒரு பெட்டையை வளர்த்தாள். ஒரு நாள் காலை வேலிக்கு மேலே கையை நீட்டினாள்.

"ஆன்டி, மொத முட்டை. ரொம்ப சின்னதா இருக்கு, பாருங்களேன்."

கோலிக்குண்டைவிடக் கொஞ்சம்தான் பெரிது. கைபேசி டார்ச்சில் பிடித்தேன். மஞ்சள் கருவின் நிழலே இல்லை.

"ரிஜெக்ட்," என்றேன், கிடங்கில் சொல்வது போலவே.

அவள் முகம் வெளுத்துவிட்டது. கை தானாக வயிற்றைப் பிடித்தது.

"உள்ள ஒண்ணுமே இல்லையா ஆன்டி? அப்ப அந்தக் கோழியே வேணாம். யாருக்காச்சும் குடுத்துடறேன்."

என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"கோழிக்கு ஒண்ணும் இல்ல லா. இப்பதானே ஆரம்பிக்குது. மொதல்ல இப்படித்தான் கோணல்மாணலா வரும்."

"நெஜமாவா? எனக்காகச் சொல்றீங்களா?"

"தினமும் கொண்டா, நானே பாக்குறேன்."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் நிச்சயமில்லை. கிடங்கில் முட்டையைத்தான் பார்த்திருக்கிறேன். அதைப் போட்ட கோழி அடுத்து என்ன போட்டது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

அடுத்து வந்தது தோல் முட்டை, விரல் பட்டாலே அமுங்கியது. ஓடு கெட்டிப்படத் தீவனக் கடையில் கிளிஞ்சல் தூள் வாங்கி வந்து கோழிக்கு வைத்தேன். பிறகு ஒன்று சொரசொரப்பாக வந்தது. ஒவ்வொரு காலையும் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். ஒன்பதாவது முட்டைக்குத் தெரசா தானே டார்ச் அடித்தாள்.

"ஆன்டி, மஞ்சள் தெரியுது."

நான் அழுதுவிட்டேன். அவள்தான் என்னைத் தேற்றினாள்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ரிஜெக்ட் வாளியைக் கிடங்கிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

தெரசாவுக்குப் பெண் பிறந்தது. இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். தொட்டிலருகேயும் நான் வாயைப் பொத்திக்கொண்டுதான் பார்த்தேன். தெரசாவே என் கையைப் பிடித்தாள்.

"சின்னதுதான் ஆன்டி. டாக்டர் பயமில்லன்னுட்டாரு. இவ இப்பதானே ஆரம்பிக்கிறா."