திறக்காத எஞ்சின்கள்

என் தம்பி ரெமிஜியஸ் தப்பான சாமான் வாங்கி எல்லாரையும் கெடுத்துவிட்டான் என்று கண்டோன்மெண்ட் ஸ்டேஷன் டாக்ஸி ஸ்டாண்டில் இன்றைக்கும் பேசுகிறார்கள். அப்படிப் பேசுகிறவர்களில் ஒருவர்கூட அன்றைக்கு எங்கள் வாசலில் தாங்கள் சொன்னதைச் சொல்வதில்லை. அதை நான் சொல்கிறேன்.

ரெமிஜியஸ் முதலில் ஒரு துரையிடம் டிரைவராக இருந்தான். பிறகு சொந்தமாக ஒரு பழைய ஷெவர்லே வாங்கினான். குடித்துவிட்டு வண்டியைத் தொட்டவன் இல்லை. யுத்தம் வந்ததும் கப்பலில் சாமான் வருவது நின்றுபோயிற்று. ஸ்டாண்டில் எல்லாம் ஷெவர்லே, எல்லாவற்றுக்கும் பிஸ்டன் வளையம் தேய்ந்து, பின்னால் நீலப் புகை. மெட்ராஸில் ஒரு வியாபாரியிடம் வளையம் இருந்தது. சில்லறையாகக் கொடுக்கமாட்டார், மொத்தமாக எடுக்க வேண்டும். கொடுத்ததைத் திருப்பி வாங்கவும் மாட்டார். எல்லாரும் சேர்ந்து எடுப்போம் என்று ஆரம்பித்தவன் ரெமிஜியஸ். ரயிலேறிப் போய்ப் பேசியவனும் அவன்தான்.

அளவுதான் முக்கியம். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்திய வண்டிக்குப் பெரிய வளையம் வேண்டும். கடையாத வண்டிக்குச் சிறியது. இதைத் தனித்தனியாகக் கேட்டிருக்க வேண்டும். ரெமிஜியஸ், ஒரு ஞாயிறு காலைப் பூசைக்குப் பிறகு, ஜீவனஹள்ளியில் எங்கள் வாசலில் எல்லாரையும் கூட்டிவைத்துக் கேட்டான்.

"யார் யார் வண்டி கடைஞ்சது, சொல்லுங்கப்பா."

"என் வண்டிய எவனும் தொறந்ததே இல்ல மேன்," என்றான் சிரில். "கப்பல்ல வந்த இன்ஜின் அப்படியே இருக்கு."

கடைந்த வண்டி என்றால் விலை இறங்கும். ஸ்டாண்டில் கேலியும் உண்டு. சிரில் இப்படிச் சொன்னபிறகு வேறு யார் வாயைத் திறப்பார்கள்? யூஜினும் ஆராவமுதனும் மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

"என்னுது ரெண்டு தடவ கடைஞ்சது," என்றான் ரெமிஜியஸ்.

"அடப்பாவமே! உஸ்தாத் வீட்டுல கெழவிய வெச்சுக்கினு நமக்குப் பொண்ணு பாக்குறாரு!" என்றான் சிரில், ரெமிஜியஸின் வண்டியைக் காட்டி.

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவரவர் சொன்னபடியே, ரெமிஜியஸுக்குப் பெரிய வளையமும் மற்றவர்களுக்குச் சிறியதுமாகப் பெட்டி வந்தது. அவரவர் தங்கள் மெக்கானிக்கிடம் எடுத்துப்போனார்கள். ரெமிஜியஸ் வண்டிக்கு வளையம் கச்சிதம். மற்ற எல்லா வண்டியிலும் தொளதொளவென்று கிடந்தது. அன்று மாலையே கூட்டமாக வந்து நின்றார்கள்.

"தனக்கு மட்டும் சரியா எடுத்துக்கினான். நமக்குக் குப்பையக் கட்டிட்டான்!" என்றான் சிரில்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "நீ சொன்ன அளவுதானே வந்திருக்கு, சிரில்?"

"நீங்க உள்ள போங்கக்கா. இது இன்ஜின் சமாச்சாரம்."

ரெமிஜியஸ் குரலை உயர்த்தவில்லை. "நாளைக்கு ஸ்டாண்டுல எல்லார் முன்னாடியும் இன்ஜினத் தொறந்து அளப்போம். மொதல்ல உன் வண்டி."

"என் வண்டிய அளக்க நீ யாருடா?" என்று கத்திவிட்டு சிரில் நடந்தான். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக நழுவினார்கள். வண்டி புகைந்தாலும் புகையட்டும், கடைந்தது என்று மட்டும் தெரியக்கூடாது! வளையங்களை ஆனேக்கல் பஸ்காரர் ஒருவருக்குத் தள்ளிவிட்டார்கள். ரெமிஜியஸை ஸ்டாண்டு வரிசையில் விடவில்லை. அன்றிலிருந்து அவன் ரிச்சர்ட்ஸ் டவுன் மூலையில் தனியாக வண்டியை நிறுத்திக்கொண்டு கிராக்கிக்குக் காத்திருக்கிறான். வழியில் பார்க்கிறவர்கள், "ஏமாத்துன ஆள்தானே?" என்று கேட்கிறார்கள்.

போன வாரம் ஆராவமுதன் எங்கள் கொல்லைப் பக்கமாக வந்தார்.

"தம்பி மறுபடி மெட்ராஸ் போறாராமே. பெரிய சைஸ்ல எனக்கும் ஒரு செட் எடுத்துண்டு வரச் சொல்லுங்கோ. ஸ்டாண்டுக்குத் தெரிய வேண்டாம்."

"சொல்றேன். நீங்க மொதல்ல சிரில் முன்னாடி நின்னு, என் வண்டி கடைஞ்ச வண்டி, பொய் சொன்னது நாங்கதான்னு சொல்லிட்டு வாங்க."

"அது எப்படிம்மா..."

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த ரெமிஜியஸ் எழுந்து வந்தான். கேட்டு வந்தவரை அவன் வெறுங்கையோடு அனுப்பியதே இல்லை. இப்போதும் சரி என்று சொல்லிவிடுவானோ என்று அவன் முகத்தையே பார்த்தேன்.

"அக்கா சொன்னதுதான் சார்," என்று சொல்லிவிட்டு, எச்சில் கையோடு, இடது கையால் கதவைச் சாத்தினான்.