நாளுக்கொரு நேரத்தில் விழுந்த சர்வர்

திருச்சுழியில் கல்யாணத் தகவல் மையம் நடத்தும் அத்தை எனக்கு உறவில்லை. என் அம்மாவோடு சத்துணவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் அத்தை. நான்கு தடித்த நோட்டுகளில் ஜாதகங்களை ஒட்டி வைத்து வரன் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தவரை, "இதையெல்லாம் இணையத்துல ஏத்திருவோம் அத்த, வீட்ல இருந்தே பொருத்தம் பாத்துக்குவாக" என்று பேசிப் பேசிக் கரைத்தவள் நான்தான். அதனால் பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் முதல் பொறுப்பும் என்னுடையதுதான்.

சென்னையில் ஏழு வருடம் யார் யாருடைய சர்வர்களையோ கவனித்துவிட்டு, அருப்புக்கோட்டைக்குத் திரும்பி வந்து வீட்டு மாடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். எல்லாவற்றையும் கம்பெனிக்காரனே பார்த்துக்கொள்ளும் ஓர் இடத்தில் அத்தையின் தளத்தை வைத்திருக்கலாம். எனக்குத்தான் திமிர். வெறும் மெஷினை மட்டும் வாடகைக்கு எடுத்து, வலைத்தளத்தை இயக்குவது, ஜாதகங்களைச் சேமிக்கும் தரவுத்தளம், பாதுகாப்பு என்று அத்தனையையும் நானே நிறுவினேன். இரண்டு ஜிபி நினைவகம் உள்ள சின்ன மெஷின். ஒரு தாலுகாவின் வரன்களுக்கு அது தாராளம் என்று நினைத்தேன்.

சோதனை ஓட்டத்தை ஆடி மாதத்தில் வைத்தேன். ஒரு மாதம் முழுக்கச் சர்வர் அசையவே இல்லை. பெருமை பிடிபடவில்லை எனக்கு. ஆடியில் இந்தப் பக்கம் எவரும் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டார்கள், ஆள் வராத கடையில் கூட்ட நெரிசல் எப்படி வரும் என்று இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு உறைக்கவில்லை. நினைத்தால் இப்போதும் என் மேலேயே கோபம் வருகிறது.

ஆவணி பிறந்ததும் ஆரம்பித்தது. திங்கள்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சர்வர் விழுந்தது. மறுபடி ஓடவிட்டேன், ஓடியது. செவ்வாய் அன்று மாலை நாலரைக்கு விழுந்தது. புதன் மதியம் ஒன்றரைக்கு. ஒரே நேரத்தில் விழுந்தால் அந்த நேரத்தில் தானாக ஓடும் ஏதோ ஒரு வேலை என்று பிடித்துவிடலாம். இது நாளுக்கொரு நேரம் பார்த்து விழுந்தது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி மெஷின் சாதுவாக இருக்கும். யாரோ வேண்டுமென்றே தாக்குகிறார்கள் என்று முடிவு கட்டினேன். அந்த நேரங்களில் அதிகமாக வந்த இணைய முகவரிகளை எல்லாம் தேடிப் பிடித்துத் தடுத்தேன்.

அன்று சாயங்காலமே அத்தையிடமிருந்து போன்.

"ஏத்தா, நரிக்குடிப் பக்கம் ஒரு வீட்லயும் தெறக்கலைங்கிறாக. என்ன செஞ்ச?"

நான் தடுத்தது எந்தத் திருடனையும் இல்லை. ஒரே செல்போன் கம்பெனியின் வழியாக வந்த நரிக்குடி வட்டாரத்தின் வீடுகளைத்தான் மொத்தமாக வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தேன். அவசரமாகத் தடையை நீக்கினேன். அத்தை போனை வைக்கவில்லை.

"அது கெடக்கு. அந்தப் பக்கத்துப் புள்ள ஒண்ணு, காரியாபட்டில ரத்தப் பரிசோதனை பண்ற எடத்துல வேல பாக்குது. நல்ல புள்ள. அது ஜாதகத்த ஏத்துறப்பல்லாம் உன் மெசினு நிக்கிது. திங்கக்கெழம ஒருக்க, நேத்து ஒருக்க. இன்னைக்கு மாப்பிள்ள வீட்டாளுகளும் கூட உக்காந்துருந்துருக்காக. அப்பவும் நின்னுருச்சு. தடங்கலாகுதுன்னு மாப்பிள்ளையோட ஆத்தா எந்திரிச்சுப் போயிட்டாகளாம்."

"மெஷின் நின்னதுக்கும் ஜாதகத்துக்கும் என்ன அத்த சம்பந்தம்?"

"அத நீ எங்கிட்டச் சொல்லு. ஊர்ல போயிச் சொல்லு பாப்போம். புள்ளைக்கு என்னமோ தோசம், அதான் மூணு தடவையும் ஏறலைன்னு பேச்சு வந்துருச்சு. அவுக அப்பா கையக் காலப் பிடிச்சு இன்னொரு தடவ வரச் சொல்லிருக்காரு. வெள்ளிக்கெழம பன்னெண்டு மணிக்கு என் எடத்துல வச்சுப் பாக்குறோம். உன் மெசினு விழுந்தா நீ எழுப்பிருவ. அந்தப் புள்ள பேரு விழுந்தா யாரு தாயி எழுப்புறது?"

வாடிக்கையாளர் திட்டுவது எனக்குப் பழகிய விஷயம். நான் போட்ட அமைப்பின் கோளாறு ஒரு பெண்ணின் மேல் தோஷமாக ஏறும் என்று எந்தக் கம்பெனியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வெள்ளிக்கிழமை பன்னிரண்டுக்குள் இதைச் சரி செய்யாவிட்டால் இந்தத் தொழிலையே விட்டுவிடுவேன் என்று அந்தப் பெண்ணின் முகம்கூடத் தெரியாமல் சபதம் போட்டேன்.

வியாழக்கிழமை மதியம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு திருச்சுழிக்குப் பஸ் ஏறினேன். மாடியில் உட்கார்ந்து சர்வர் எழுதிவைக்கும் பதிவுகளைப் புரட்டியது போதும், ஜனங்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று நேரிலேயே பார்த்துவிடுவது என்ற வைராக்கியம். அத்தையின் ஒற்றை அறையில் எட்டுப் பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கையிலும் போன். எல்லார் போனிலும் நான் செய்த பக்கம். ஜாதகப் படத்தைத் தேர்ந்தெடுத்து, பெயர், நட்சத்திரம் எல்லாம் நிரப்பி, கடைசிப் பொத்தானை மட்டும் அழுத்தாமல் சும்மா இருந்தார்கள். சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. மணி மூன்றாகப் பத்து நிமிடம் இருந்தது.

"ஏன்ணே, அனுப்ப வேண்டியதுதான? ஏதும் மக்கர் பண்ணுதா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன்.

அவர் என்னைப் பச்சைப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "ராகு காலம்மா. மூணு மணிக்குத்தான் போகுது."

சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்தேன். வியாழன், ஒன்றரை முதல் மூன்று. அதே தாளின் அடியில் மற்ற நாட்களுக்கும் போட்டிருந்தது. திங்கள் ஏழரை முதல் ஒன்பது. செவ்வாய் மூன்று முதல் நாலரை. புதன் பன்னிரண்டு முதல் ஒன்றரை. என் சர்வர் விழுந்த நேரங்கள் அத்தனையும் அந்தத் தாளில் அச்சடித்துக் கிடந்தன. எனக்கு ராகுவும் தெரியாது, கேதுவும் தெரியாது. அந்தத் திமிரில் தினமும் கிழிக்கும் தாளை ஒரு நாளும் படித்ததில்லை.

மணி மூன்று அடித்தது. எட்டுக் கட்டைவிரல்களும் ஒன்றாக இறங்கின. அந்த அறையில் எட்டு. சுற்றுப்பட்ட ஊர்களில் இதேபோலக் காத்திருந்த வீடுகள் எத்தனையோ. என் கண் முன்னாலேயே சர்வரின் நினைவகம் நிரம்பி வழிந்தது. மூச்சு முட்டிய மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, அதிக இடம் பிடித்திருந்த தரவுத்தளத்தையே கொன்று போட்டது. எட்டுப் போன்களிலும் பிழைச் செய்தி வந்தது. பக்கத்தில் இருந்தவர் 'ச்ச்' என்று உச்சுக்கொட்டிவிட்டு மகளின் ஜாதகத்தைப் பைக்குள் வைத்தார். அந்த 'ச்ச்' என் நெஞ்சில் தைத்தது.

காரணம் சின்னதுதான். ஒரே சமயத்தில் ஐம்பது பேருக்கு வேலை செய்யலாம் என்று அமைப்பில் எழுதியிருந்தேன். வேறு எவரோ தன்னுடைய பெரிய மெஷினுக்கு எழுதி வைத்ததை அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். ஜாதகத்தைப் போனில் படம் பிடித்து அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றும் பெரிய படம். அதைச் சுருக்குவதற்கு மெஷின் நிறைய நினைவகம் எடுக்கும். என் சின்ன மெஷினுக்குப் பன்னிரண்டு பேர்தான் தாங்கும்.

அங்கேயே உட்கார்ந்து வரம்பைப் பன்னிரண்டாகக் குறைத்தேன். மற்றவர்கள் வரிசையில் காத்திருப்பார்கள் என்று அத்தையிடம் விளக்கினேன்.

"காத்திருக்கிறப்ப என்ன தெரியும்?"

"ஒரு வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும்."

"சுத்திக்கிட்டே நின்னாலும் தடங்கல்தான் தாயி" என்றார் அத்தை. அவ்வளவுதான். என் பாதி வேலையைத் தூக்கிக் குப்பையில் போட்டார். ஆனால் அவர் சொன்னது சரி.

இருட்டும் முன் வீட்டுக்கு வந்து வேறு வழியில் எழுதத் தொடங்கினேன். சீர்த்தட்டு வந்தால் வாசலிலேயே வாங்கி உள்ளே வைத்துவிடுகிறோம். அதில் என்ன இருக்கிறது என்று அப்புறம்தான் பார்க்கிறோம். அதே மாதிரி, படத்தைப் போனிலேயே சுருக்கி, வந்ததும் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "உங்கள் ஜாதகம் வந்து சேர்ந்தது" என்று நேரத்தோடு உடனே பதில் சொல்வது. மற்ற வேலைகளைச் சர்வர் வரிசையாகப் பிறகு செய்துகொள்ளட்டும். வெள்ளிக்கிழமை விடிந்ததும் மறுபடி உட்கார்ந்து பத்து மணிக்குள் எழுதி முடித்துவிட்டு, அத்தைக்குப் போன் செய்தேன்.

"பத்தரைக்கு மெஷின நிறுத்திப் புதுசா மாத்தப் போறேன் அத்த."

"வெள்ளிக்கெழம பத்தரைக்கா? ராகு காலத்துல கை வைக்காதத்தா!"

"அந்த ஒன்றரை மணி நேரந்தான் உங்காளுக ஒருத்தரும் பொத்தானத் தொட மாட்டாக. எனக்கு அதவிட நல்ல நேரம் கெடையாது."

அத்தை போனை வைத்தார்.

வேலையை அத்தையின் அறைக்குப் போகும் பஸ்ஸிலேயே, மடியில் கணினியை வைத்துக்கொண்டு செய்தேன். பத்தரைக்கு நிறுத்தினேன். மாற்றி ஓடவிட்டேன். சோதனைக்கு அனுப்பிய முதல் படமே உள்ளே போகவில்லை. வந்த படங்களை வைக்கும் இடத்தைச் செய்தவள், அதில் எழுதச் சர்வருக்கு அனுமதி கொடுக்க மறந்திருந்தேன். அதைக் கண்டுபிடிக்கும்போது பதினொன்று இருபது. சரி செய்து, அந்த ஓர் அறையில் வருவதைவிடப் பத்து மடங்கு கூட்டத்தைப் பொய்யாக உருவாக்கி அனுப்பினேன். தாங்கியது. மறுபடி அனுப்பினேன். தாங்கியது.

அத்தையின் அறையில் அந்தப் பெண்ணை முதல்முறை பார்த்தேன். ஒல்லியாக, வேலைக்குப் போகும் சேலையிலேயே வந்திருந்தாள். அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். எதிரே மாப்பிள்ளையின் அம்மா, கைப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டு, எந்த நிமிடமும் எழுந்து போகத் தயாராக இருப்பதுபோல.

பன்னிரண்டு ஆனது. அவள் பொத்தானை அழுத்தினாள். என் திரையில் எங்கெங்கிருந்தோ ஜாதகங்கள் கொட்டின. நினைவகம் பாதிக்கு மேல் ஏறி, அங்கேயே நின்றது. 'உங்கள் ஜாதகம் வந்து சேர்ந்தது' என்று அவள் போனில் வந்தது. சில நிமிடங்களில் மாப்பிள்ளையின் ஜாதகத்தோடு பொருத்தமும் வந்தது. பத்துக்கு எட்டு.

"இப்பத்தான் மனசு நெறஞ்சிருக்கு. அன்னைக்கே இது ஏறியிருந்தா இவ்வளவு பேச்சு வந்திருக்குமா?" என்று மாப்பிள்ளையின் அம்மா சிரித்தார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அந்தப் பெண் போனை என் பக்கம் நீட்டினாள்.

"அக்கா, இதுல வேணாம்னு சொல்றது எங்க இருக்கு?"

பொருத்தப் பட்டியலின் அடியில் 'விருப்பமில்லை' என்று ஒரு பொத்தான் உண்டு. பெண் வீட்டார் யாரும் அதுவரை அதைத் தொட்டதில்லை. விரலால் காட்டினேன்.

"ஏன் தாயி?" என்றார் அவள் அப்பா, குரல் எழும்பாமல்.

"மெசினு நின்னதுக்கே எந்திரிச்சுப் போனாகப்பா. நாளைக்கு நான் காய்ச்சல்ல படுத்தா இவுக வீட்ல யாரு இருப்பாக?"

அழுத்தினாள். சுற்றவில்லை, நிற்கவில்லை. 'உங்கள் முடிவு பதிவாகிவிட்டது' என்று உடனே வந்தது.

மாப்பிள்ளையின் அம்மா வாய் திறப்பதற்குள், நாற்காலி நுனியில் இருந்த அவள் அப்பா எழுந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "வா தாயி, பன்னெண்டே முக்கா பஸ்ஸப் பிடிச்சா அரை நாள் வேலைக்காச்சும் போயிரலாம்" என்றார்.