வெயிலில் காட்டிய ஃபிலிம் சுருள்

பொத்தேரியில் படிக்கும் அக்கா மகள் போன வாரம் என்னை ஒரு போர்ப்படத்துக்கு இழுத்துப் போனாள். நாயகி புகைப்பட நிருபர். பக்கத்தில் ஒருவன் குண்டடிபட்டுக் கிடக்க, அவள் கேமராவை இறக்கவே இல்லை. வெளியே டீக்கடையில் இவள் கேட்டாள்: "தூக்கி விடறதா, படம் எடுக்கறதா? நீ இன்னா சித்தி பண்ணியிருப்ப?"

எனக்குக் கோபம்தான் வந்தது. சினிமாக்காரர்களுக்கு இந்த ஒரு கேள்விதான் தெரியும். எடுத்த படம் அப்புறம் யார் கைக்குப் போகிறது என்று கேட்க மாட்டார்கள். டீக்கடைக்காரர் ஏலக்காய்ப் பொடியை ஒரு கறுப்பு ஃபிலிம் டப்பாவில் வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் கோபம் முட்டுக்காட்டுப் பக்கம் ஓடிவிட்டது.

செங்கல்பட்டில் நிருபராகச் சேர்ந்த புதிது. முட்டுக்காட்டுக்குத் தெற்கே இரண்டு குப்பங்களுக்குள் வலைத் தகராறு. மணலில் ஒரு செருப்பை விட்டுவிட்டு மறு செருப்போடு ஓடிய வீராங்கனை நான். மீன் விற்கும் அஞ்சலையக்காவுக்குக் கல்லடி, கையெல்லாம் ரத்தம். துப்பட்டாவால் கட்டினேன், படமும் எடுத்தேன். இரண்டும் செய்யலாம், கண்ணு.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "எங் கையப் படம் எடு. அதோ, கல்லோட நிக்கிறான் பாரு நீலச் சட்ட, அவன் மூஞ்சி வாணாம். எம் மருமவன். எம் பொண்ணு அந்தக் குப்பத்துலதான் வாய்ந்துகினு கீது."

அவனை ஏற்கெனவே எடுத்திருந்தேன். அங்கே அப்படித்தான்: பெண் கொடுத்த ஊரோடுதான் சண்டை, பிறகு இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி முடிப்பார்கள். படத்தில் முகம் விழுந்தவன் மட்டும் ஜெயிலுக்குப் போவான்.

ஜீப்பிலிருந்து இறங்கிய இன்ஸ்பெக்டர் நேராக என்னிடம் வந்தார். "ஃபிலிம் ரோலக் குடும்மா. ஆள் அடையாளம் பாக்கணும்."

கேமராவின் முதுகைத் திறந்து, சுருளை உச்சி வெயிலில் இழுத்து நீட்டி, படமெல்லாம் அழிந்த அப்புறம் கொடுத்தேன். அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. ஆசிரியர் திட்டியதையும்தான்.

"எங் கையும் அதுலதான இருந்துச்சி?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

"போனா போவுது. கையில தயும்பு இருக்குமில்ல."

இன்றைக்கும் அதைத்தான் செய்வேன் என்று என் அக்கா மகளிடம் சொன்னேன். "எப்படி சித்தி?" என்று தன் போனைக் காட்டினாள். டீக்கடையில் எடுத்த என் படம் அதற்குள் அவள் தோழிகளுக்கெல்லாம் போயிருந்தது. போனைத் திருப்பிப் பார்த்தேன். திறக்க ஒரு மூடி இல்லை.