பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே கணக்கு

அந்தக் குடியிருப்பில் போய் எல்சி வீடு எது என்று கேட்டால், எந்த எல்சி என்று திருப்பிக் கேட்பார்கள். மனு எல்சி என்றால் போதும், சி பிளாக்கின் மூன்றாவது மாடியைக் கை காட்டிவிடுவார்கள். தண்ணீர் வரவில்லையா, மனு. சாக்கடை அடைத்துக்கொண்டதா, மனு. தஞ்சாவூரில் எந்த அலுவலகத்தில் தபால் பெட்டி எந்த மூலையில் இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். இப்போது வயது அறுபத்திரண்டு. கையெழுத்து மட்டும் இன்னும் அச்சடித்த மாதிரி இருக்கும்.

அந்தக் கையெழுத்தை வைத்துத்தான் அவர் பிழைத்தார். குத்தாலத்துப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி தஞ்சாவூர் வந்தவர், நெல் கொள்முதல் நிலையங்களில் பில் கிளார்க்காக முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார். குறுவை அறுப்புக்கு வேலை, சம்பா அறுப்புக்கு வேலை, நடுவில் வீட்டில் உட்கார வேண்டும். நிரந்தரம் ஆகும் ஆகும் என்று சொல்லிச் சொல்லியே ஓய்வு வயதும் வந்துவிட்டது. கணவர் அடைக்கலசாமி பம்ப்செட் மெக்கானிக். வல்லம் தொடங்கி ஒரத்தநாடு வரை அவர் கை படாத மோட்டார் குறைவு. பிள்ளை இல்லை. இருவருமாகச் சேர்த்த காசில் வீட்டு வசதி வாரியத்தின் தவணை வீடு ஒன்றை வாங்கினார்கள். மூன்றாவது மாடி, ஐம்பத்து நாலு படி. காற்று நன்றாக வரும் என்று அடைக்கலசாமிதான் அதைக் கேட்டு வாங்கினார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு திரும்பியது, வலது கை பழையபடி இருந்தது, இடது கால் மட்டும் வரமாட்டேன் என்றது. அன்று முதல் அந்த ஐம்பத்து நாலு படிதான் அவருக்கு ஜெயில் மதில். மாதம் இரண்டு செவ்வாய்க்கிழமை உடற்பயிற்சிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அப்போது மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துக் கீழே தூக்கிக்கொண்டு போவார்கள். மற்ற நாளெல்லாம் ஜன்னல். கீழே யாராவது மோட்டாரைக் கழற்றிப் போட்டு முழித்துக்கொண்டிருந்தால் மேலிருந்தே கத்துவார், பாவம் யார் காதிலும் விழாது. அதைப் பார்த்துக்கொண்டு அடுப்படியில் நிற்பது எல்சிக்குத் தாங்கவில்லை.

சித்திரையில் ஒரு வழி திறந்தது. பக்கத்து டி பிளாக்கில் தரைத்தள வீட்டுக்காரர் வள்ளியம்மை, கோயம்புத்தூரில் இருக்கும் மகள் வானதியோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். எல்சியோடு இருபது வருஷப் பழக்கம். வாடகைக்கு விடப்போகிற வீடு எந்த மாடியில் இருந்தால் என்ன, மேலே கொஞ்சம் பணம் போட்டுக் கொடுத்தால் வீட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று அவராகவே சொன்னார். ஆனி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும், பேரப்பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிடும் என்பது ஒன்றுதான் அவர் போட்ட நிபந்தனை.

அடைக்கலசாமி அன்று ராத்திரி சாப்பாட்டில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். வாசலில் ஒரு பெஞ்சு போடலாம், ஒற்றைக் கையால் ஆகிற வேலையைத் தான் பார்த்துக்கொள்ளலாம், மற்றதற்கு யாரையாவது சொல்லிச் செய்யலாம் என்று மனசுக்குள் ஒரு பட்டறையே திறந்துவிட்டார். எல்சி சங்கிலியை அடகு வைக்கத் தயாரானார். வாரியத்தில் நிலுவை இல்லை என்று ஒரு சான்று வாங்க வேண்டும், அது வந்தால் கிரயப் பத்திரம், பத்திரம் வந்தால் மாற்றிக்கொள்ளலாம். அது இல்லாமல் அந்த வீட்டை விற்கவும் முடியாது, வாடகைக்கு விடவும் விதியில்லை.

நிலுவை என்றதும் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும்.

வாரியம் பராமரிப்புக் கட்டணம் போடுகிற முறை இதுதான். வருஷ ஆரம்பத்தில் குடியிருப்பு முழுவதற்கும் பெருக்குவது, மோட்டார், படிக்கட்டு விளக்கு, செப்டிக் டேங்க் என்று ஒரு மதிப்பீடு எழுதுவார்கள். அதன் மேல் நூற்றுக்குப் பதினைந்து நிர்வாகக் கட்டணம். மொத்தத்தை வீட்டுக் கணக்கில் வகுத்து ஆளுக்கு ஒரு சீட்டு. செலவு செய்தார்களா என்பது வேறு விஷயம். செய்யப்போகிறோம் என்று எழுதியதற்கே பதினைந்து விழுக்காடு கூலி. நினைப்பதற்குச் சம்பளம் வாங்குகிற உத்தியோகம் இந்தச் சீமையில் வேறு எங்கே இருக்கிறதோ, எனக்குத் தெரியாது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எல்சி தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு இதைத் தோண்டி எடுத்தார். சி பிளாக் செப்டிக் டேங்க் மூன்று வருஷமாகத் திறக்கப்படவே இல்லை, ஆனால் மூன்று வருஷமும் கணக்கில் சுத்தமாகியிருந்தது. தனித்தனியாகப் போய்க் கேட்டவர்களை அலுவலகத்தில் ஒரு சத்தம் போட்டு அனுப்பிவிட்டார்கள். எல்சிக்குக் கொள்முதல் நிலையத்துப் புத்தி வேலை செய்தது. இருபது மூட்டை கொண்டுவருகிற சின்ன விவசாயி களத்தில் நாலு நாள் காவல் கிடப்பான். அதே ஆள் தன் நெல்லைப் பங்காளி நெல்லோடு ஒரே குவியலாகக் கொட்டி ஒரே பெயரில் போட்டால் அன்றைக்கே எடை விழும். ஆகவே பன்னிரண்டு வீட்டையும் ஒரே குவியலாக்கினார். சி பிளாக்கை ஒரே கணக்காக எடுத்துக்கொண்டு, மெய்யான செலவை மட்டும் போடவேண்டும், அதுவரை கட்டமாட்டோம் என்று மனு எழுதிப் பன்னிரண்டு கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தார்.

மூன்றே மாதத்தில் உத்தரவு வந்தது. மனு ஏற்கப்பட்டது, சி பிளாக்கின் பன்னிரண்டு வீடுகளும் இனி ஒரே கணக்காகக் கொள்ளப்படும். அவ்வளவுதான் இருந்தது. மெய்யான செலவைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அதைக் கவனிக்காமல் சி பிளாக்கில் கேசரி கிண்டிக் கொண்டாடினார்கள். எதிர்வீட்டு ராஜராஜன், அப்போது கல்யாணமாகாத பையன், பட்டாசு வெடித்தான்.

அதற்கப்புறம் மதிப்பீடும் பதினைந்து விழுக்காடும் வருஷா வருஷம் வந்துகொண்டுதான் இருந்தன. இவர்களும் கட்டாமல்தான் இருந்தார்கள். வட்டி ஒரு பக்கம் ஏறியது.

இப்போது வைகாசியில், சங்கிலியை வைத்து வாங்கிய பணத்தோடு எல்சி வாரிய அலுவலகத்துக்குப் போனார். தன் வீட்டுப் பங்கை வட்டியோடு கட்டிவிடுகிறேன், சான்று கொடுங்கள் என்றார். அங்கே இருந்த பெண் சின்ன வயசு, மரியாதையானவள். கம்ப்யூட்டரைப் பார்த்தாள். தனி வீட்டுக்குக் கணக்கே இல்லை, பன்னிரண்டு வீட்டு நிலுவையும் தீர்ந்தால்தான் பிளாக்குக்கு ஒரு சான்று வரும் என்றாள். எந்தப் படுபாவி அப்படி ஒரு விதி போட்டான் என்று எல்சி கேட்கவில்லை, ஆனால் முகம் கேட்டுவிட்டது. அவள் எழுந்துபோய் ஒரு பழைய ஃபைலை எடுத்துவந்து திருப்பி வைத்தாள்.

"நீங்க கேட்டதுதான் மேடம்."

அச்சடித்த மாதிரி கையெழுத்து. ஒரே கணக்காக என்ற இடத்தில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டிருந்தது.

குவியல் கதையின் மற்றொரு பாதி எல்சிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு ஓரத்தில் நெல் ஈரமாக இருந்தாலும் மொத்தக் குவியலும் திரும்பப் போகும். அப்படி எத்தனை பேருடைய குவியலை அவரே திருப்பி அனுப்பியிருப்பார். வாரிய அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தபடி அவருக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

அந்தப் பெண்தான் ஒரு வழி சொன்னாள். பழைய மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று அதே பன்னிரண்டு வீட்டாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் கணக்கைப் பிரித்துவிடலாம். எல்சி அன்று மாலையே எழுத உட்கார்ந்தார். முதல் மாடி நெடுஞ்செழியன் டீக்கடையில் வைத்தே போட்டுக் கொடுத்தார். இரண்டாம் மாடி ஃபாஜில் இருப்பது சிங்கப்பூரில், லீவில் கூத்தாநல்லூர் வந்த மச்சானிடம் ஒப்பமிட்டுக் கொடுத்தனுப்பினார். மற்றவர்கள் அடைக்கலசாமியை நினைத்து மறுபேச்சுப் பேசவில்லை. இருபது நாளில் பதினொன்று சேர்ந்தது. பாக்கி இருந்தது ராஜராஜன் ஒருவன்தான்.

எதிர்வீடு என்பதால் அவனைக் கடைசியாக வைத்திருந்தார். நம்ம ராஜராஜன்தானே என்கிற எண்ணம். சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி ஓட்டுகிறான், நெல்லும் வைக்கோலும் ஏற்றுவான். மாதம் இரண்டு செவ்வாய்க்கிழமை வாடகையை விட்டுவிட்டு அடைக்கலசாமியின் நாற்காலிக்கு முன்பக்கம் பிடிக்கிறவன் அவன்தான், பின்பக்கம் நெடுஞ்செழியன். பெற்ற பிள்ளை இருந்தால் இப்படிச் செய்யுமா என்று எல்சி நினைக்காத நாளில்லை.

அவன் தாளை இரண்டு தடவை படித்தான். பிறகு அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"ஒரே கணக்கா இருக்கறதாலதான் பன்னெண்டு வருஷமா எவனும் நம்ம வீட்டுக்கு சீல் வைக்க வரலக்கா. பிரிச்சிட்டா மொத சீல் எனக்குத்தான். வண்டி டியூவே மூணு மாசம் நிக்குது. நீங்கதானே சொன்னீங்க, ஒருத்தர் கழண்டுகிட்டா வாரியத்துக்காரங்க மத்தவங்க கழுத்துல ஏறிடுவாங்கன்னு."

சொன்னது அவர்தான். கேசரி கிண்டிய அன்றைக்குப் படிக்கட்டில் நின்றுகொண்டு சொன்னார். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வேறு ஆளாக இருந்தால் எல்சி கத்தியிருப்பார், காலில் விழுந்திருப்பார், இன்னும் ஒரு மனுகூட எழுதியிருப்பார். ஆனால் கணவரின் நாற்காலியைப் பிடிக்கிற கையிடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவது. சரிப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

அடைக்கலசாமி எல்லாம் முடிந்துவிட்டதா என்று கேட்டார். ஒரு கையெழுத்து பாக்கி என்றார் எல்சி. யாருடையது என்று அவர் கேட்கவில்லை, கதவு திறந்துதான் இருந்தது.

வள்ளியம்மை ஆனி முதல் தேதிக்கு மேலும் பத்து நாள் பொறுத்தார். திங்கட்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு எல்சியைக் கீழே கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மகன் பிரபு வாடகைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான், அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது, தன்னைத் தப்பாக நினைக்கக் கூடாது. எல்சி தப்பாக நினைக்கவில்லை. அன்று ஐம்பத்து நாலு படியும் அவருக்கே ஏற முடியாமல் போயிற்று, இரண்டாவது மாடியில் உட்கார்ந்துவிட்டு மேலே போனார். மேலே போய்ச் சொல்லலாம் என்றுதான் நினைத்தார். அடைக்கலசாமி வலது கையால் ஒரு பழைய ஸ்பேனருக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அதைச் சொல்லாமலே சோற்றைப் போட்டார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. எட்டு மணிக்கு ராஜராஜனும் நெடுஞ்செழியனும் வந்து நாற்காலியைத் தூக்கினார்கள். எல்சி ஆஸ்பத்திரிச் சீட்டும் தண்ணீர் பாட்டிலும் போட்ட பையோடு முன்னால் இறங்கினார். பதினொரு கையெழுத்துப் போட்ட தாளும் அந்தப் பையில்தான் இருந்தது, எடுத்து வைக்க மனசு வரவில்லை. அடைக்கலசாமிக்கு அன்று நல்ல குஷி. புது ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதாமே, பாலத்தில் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்கள் என்றார். பிறகு தலையைச் சாய்த்து மனைவியைக் கூப்பிட்டார்.

"எல்சி, வாரியத்துச் சீட்டுல படிக்கட்டுக்கு எவ்வளவு போட்டிருக்கான்?"

மாதம் நாற்பத்தொரு ரூபாய், அதற்கு மேல் பதினைந்து விழுக்காடு என்று எல்சி திரும்பாமலே சொன்னார். எதையும் பார்த்துச் சொல்லவேண்டிய தேவை அவருக்கு இல்லை.

"நான் ஒரு படிகூட மிதிக்கறதில்லையே. எனக்கு மட்டும் கழிச்சுக்கச் சொல்லி ஒரு மனு எழுதேன்."

நெடுஞ்செழியன் சிரித்தார். ராஜராஜன் சிரிக்கவில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நாற்காலியை இறக்கி வைத்து, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். அவன் கண் சிவந்திருந்தது, ராத்திரி தூங்கவில்லை போலிருக்கிறது.

"அந்தத் தாளைக் குடுங்கக்கா, போட்டுடறேன். சீல் வெச்சா வைக்கட்டும்."

அடைக்கலசாமியின் முகத்தை எல்சி பார்த்தார். இரண்டு வருஷமாக அந்த முகத்தில் காணாத ஒரு வெளிச்சம் வந்திருந்தது. வலது கையை நீட்டி ராஜராஜனின் தோளைத் தட்டிக்கொடுத்தார். படிக்கட்டு ஜன்னல் வழியாக டி பிளாக் தெரிந்தது. வள்ளியம்மையின் வாசலில் யாரோ புதியவர்கள் நின்று, கதவுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கை காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்சி ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றார். பையை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"தூக்குப்பா," என்றார். "படியைப் பார்த்து இறங்கு."