ஜெயா ஆடிய பின்பால்

கல்யாணம் முடிந்த கையோடு ஜெயாவைப் பாபநாசத்தில் விட்டுவிட்டுச் சிங்கப்பூருக்குப் போனவர் பஞ்சநாதன். அங்கே ஒரு விளையாட்டுக் கூடத்தில் வேலை. கூடத்தை மூடியபோது முதலாளி கழித்துப்போட்ட பின்பால் மெஷின் ஒன்றைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை போட்டு அதை வைத்தால் கூட்டம் அள்ளும் என்று நம்பினார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் சீக்கிரமே வடிந்துவிட்டது. மெஷின் வீட்டுக்கு வந்து நெல் மூட்டைகளோடு சுவரோரம் நின்றது. பஞ்சநாதன் அதன் பக்கமே திரும்ப மாட்டார்.

விளையாடியது ஜெயாதான். நடவு ஆட்களுக்குச் சோறு கொடுத்தனுப்பிய மத்தியானத்தில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்பாள். கம்பியை இழுத்து விட்டால் இரும்புக் குண்டு சீறிக்கொண்டு மேலே ஏறும்; மணி அடிக்கும், விளக்கு எரியும். உருண்டு இறங்கும்போது பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் சின்னத் துடுப்பு ஒன்று அதை மறுபடி மேலே தட்டிவிடும். மாமியார் கூப்பிட்டாலும் அப்போது காதில் விழாது.

"இந்த டப்பாவ காயலான் கடையில போடும்மா," என்பான் மகன் நிதிஷ். அவனுக்குச் செல்போன் போதும்.

பஞ்சநாதன் காலமான பிறகு, அதே நிதிஷ் சென்னையிலிருந்து வண்டி பிடித்துக்கொண்டு வந்தான். "பழைய மெஷினுக்கெல்லாம் இப்ப எங்க செட்டுல அவ்வளவு மவுசும்மா. ஃப்ளாட்ல வச்சுக்கப் போறேன்."

பிள்ளைக்கு அருமை தெரிந்துவிட்டது என்று ஜெயா பூரித்துப்போனாள். கண்ணாடி உடையாமலிருக்கத் தன் புடவைகளையே சுற்றிக் கொடுத்தாள்.

அறுவடை முடிந்து, மாசியில் சென்னைக்குப் போனாள். மெஷின் ஹாலில் பளபளத்தது. நிதிஷின் ஆபீஸ் நண்பர்கள் சுற்றி நின்று படம் பிடித்தார்கள்.

"எங்கப்பா உசுரா வச்சிருந்தது," என்றான் நிதிஷ்.

ஜெயாவுக்குச் சுருக்கென்றது.

"நீங்க ஆடியிருக்கீங்களா ஆன்ட்டி?" கவிப்ரியா என்ற பெண் கேட்டாள்.

"அம்மாவுக்கு இதெல்லாம் எங்க தெரியும்?" நிதிஷே பதில் சொல்லிச் சிரித்தான்.

மறுநாள் அவன் ஆபீஸ் போனதும் ஜெயா கம்பியை இழுத்தாள். தொளதொளவென்று கையோடு வந்தது. பொத்தானுக்குச் சத்தமில்லை. சுவிட்சைப் போட்டதும் கலர் பல்புகள் மட்டும் எரிந்தன.

சாயங்காலம், "உள்ள இருந்ததெல்லாம் எங்கடா?" என்றாள்.

"ஒயரெல்லாம் நைஞ்சு கெடந்துச்சு, கழட்டிப் போட்டுட்டேன். யாரும்மா இத வெளையாடப் போறா?"

"நான் வெளையாடுனேன்டா. நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து."

"சரிம்மா," என்றான், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதுல சாயாத. கண்ணாடி பழசு."

உங்கப்பா அதைத் தொட்டதே இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் போனை நீட்டினான். மெஷின் படத்துக்குக் கீழே 'அப்பாவின் பொக்கிஷம்' என்று போட்டிருந்தான். எத்தனை பேர் பாராட்டியிருக்கிறார்கள் பார் என்றான். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

மாதக் கடைசி வரை இருப்பதாக வந்தவள், "வைக்கோல் மழையில நனைஞ்சிடும், ஊருக்குப் போகணும்," என்று பொய் சொன்னாள். மாசியில் ஏது மழை என்று அவன் கேட்கவில்லை. அங்கேயே உட்கார்ந்தபடி ரயிலுக்கு டிக்கெட் போட்டான்.