அரிசி மண்டி தூரத்தில் கொடி

எழுபதுகளின் நடுவில் நாங்கள் திருவனந்தபுரத்தில் இருந்தோம். சாலைக் கடைத்தெருவில் என் கணவருக்கு இரும்புக்கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. அவர் எனக்கு அத்தை மகன். திருநெல்வேலிக்கு வந்து பெண் கேட்டபோது, "பையனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது, கோல்ஃப் மட்டும்தான்" என்று சொன்னார்களாம். அது ஏதோ சீட்டாட்டம் என்று நினைத்து என் அப்பா கொஞ்ச நாள் கவலைப்பட்டார்.

இரும்புக்கடைக்காரருக்கு கோல்ஃப் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். ஊரின் மேட்டுப் பகுதியில் ஒன்பது குழிகள் கொண்ட ஒரு மைதானம் இருந்தது. புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சக் குழாய் வேண்டும் என்று இவரைக் கூப்பிட்டார்கள். அளவெடுக்கப் போன இடத்தில் கிளப் செயலாளர் விளையாட்டாக ஒரு மட்டையைக் கையில் கொடுத்திருக்கிறார். அன்றைக்குப் பந்து பறந்த அழகைப் பார்த்தவர்தான், அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவரை வீட்டில் பார்க்க முடியாமல் போயிற்று.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள், கடையில் கம்பி வெட்டும்போது இரும்புத் துணுக்கு தெறித்து அவருடைய இடது கண்ணில் பாய்ந்துவிட்டது. எவ்வளவோ வைத்தியம் பார்த்தும் அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை. ஒரு கண்ணே போதும், எல்லா வேலையும் செய்யலாம், தூரம் மட்டும் கொஞ்ச காலத்துக்கு ஏமாற்றும் என்று டாக்டர் சொன்னார்.

நன்றாகவே ஏமாற்றியது. செம்பிலிருந்து தம்ளரில் ஊற்றினால் தண்ணீர் தரையில் விழும். இல்லாத படியில் காலை வைத்துத் தடுமாறுவார். நான் பார்த்துவிட்டேனா என்று திரும்பிப் பார்ப்பார். கொஞ்ச நாளில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு உள் அறையோடு இருந்துவிட்டார். கேட்டதற்கு மட்டும் பதில். சாப்பாடு பிடித்திருக்கிறதா இல்லையா என்றுகூடச் சொல்வதில்லை.

அப்போதுதான் கிளப் செயலாளர் வீட்டுக்கு வந்தார். விபத்துக்கு முன்னாலேயே வருடாந்தரப் போட்டிக்கு என் கணவர் தன் பெயரைக் கொடுத்திருந்தார். ஒரு ஓய்வுபெற்ற கர்னலோடு ஆட வேண்டும். "பேரு வெட்டணோ, அதோ இருக்கட்டேயோ?" என்று செயலாளர் வாசலில் நின்று தயக்கத்தோடு கேட்டார்.

"வெட்டிருங்க சார்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது. "இருக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் போனதும் வீட்டில் சண்டை. "ஒத்தைக் கண்ணன் பந்தடிக்கப் போறான்னு ஊரு சிரிக்கணுமா உனக்கு?"

"தூரம்தானே தெரியல, அத்தான். திசை தெரியுதுல்லா?" என்றேன். எதிர்ச் சுவரிலிருந்த கடிகாரத்தைச் சுட்டிக்காட்டச் சொன்னேன். கோபத்தோடு விரலை நீட்டினார். விரல் நேராகக் கடிகாரத்தின் நடுவில் நின்றது. அவரும் அதைக் கவனித்தார். இரண்டு நாள் கழித்து, காலையில் என்னை எழுப்பி, "கிளம்பு" என்றார்.

அதுவரை நான் அந்த மைதானத்தைப் பார்த்ததே இல்லை. மேடும் பள்ளமுமாகப் பச்சைப் புல்; ஓரமெல்லாம் பலாவும் முந்திரியும்; கிழக்கே மலை நீலமாக நின்றது. இவ்வளவு அழகான இடத்துக்கு என்னை ஒரு தடவைகூடக் கூட்டி வரவில்லையே என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

கடையிலிருந்து அளவு நாடாவைக் கொண்டுபோயிருந்தேன். முதல் இரண்டு மூன்று நாட்கள் நான் அளந்து சொல்ல, அவர் அடிக்க, பந்து பாதியிலேயே விழும், அல்லது குழியில் நட்ட கொடியைத் தாண்டிப் புதருக்குள் போகும். இத்தனை அடி என்ற எண்ணிக்கை அவருக்கு உதவவே இல்லை. "விட்டுரு, இது ஆகாது" என்று மட்டையைப் பையில் போட்டார்.

எனக்கு அழுகையாக வந்தது. எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "நம்ம கடை வாசல்லேருந்து அரிசி மண்டி வரைக்கும்தான் அத்தான் இருக்கு" என்றேன். திரும்பிப் பார்த்தார். "அரிசி மண்டியா?" என்றார். வேறொரு மட்டையை எடுத்தார். அடித்தார். பந்து கொடிக்குப் பக்கத்தில் போய் இறங்கியது.

சின்ன வயதிலிருந்து அந்தத் தெருவில் நடந்தவர். கண்ணை மூடிக்கொண்டாலும் எந்தக் கடை எவ்வளவு தூரம் என்று அவர் உடம்புக்குத் தெரியும். அன்றைக்கே மைதானம் முழுவதையும் சாலைக் கடைத்தெருவாக மாற்ற ஆரம்பித்தோம். பாத்திரக்கடை, ஜவுளிக்கடை முக்கு, அரிசி மண்டி. எட்டாவது குழிதான் எல்லாவற்றிலும் நீளம். அது எங்கள் கடையிலிருந்து பழவங்காடிப் பிள்ளையார் கோயில்வரை. "நீ தூரத்தைப் பாத்துக்கோ, நான் திசையைப் பாத்துக்கிடுதேன்" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவராக எனக்கு ஒரு வேலை சொன்னார்.

ஒவ்வொரு குழிக்கும் ஒரு யோசனை வைத்திருந்தோம். முதல் குழிக்கு வலப்பக்கம் சரிவு, அதனால் பந்தை இடதோரமாகவே அனுப்ப வேண்டும். இரண்டாவதில் பலாமரம் குறுக்கே நிற்கும். தாண்டி அடிக்க ஆசைப்படாமல் கிளைக்குக் கீழே தாழ்வாக உருட்டிவிட வேண்டும். மூன்றாவது மேட்டுக்கு மேலே, கீழிருந்து கொடி தெரியாது. நான் முன்னால் ஏறிப்போய்க் கொடியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். நான்காவதில் ஒரு பள்ளம், அதைத் தாண்ட அரிசி மண்டி அடி போதும். ஐந்தாவது முந்திரித் தோப்பைச் சுற்றி வளையும், அங்கே அவசரமே கூடாது. ஆறாவதில் மணல்குழி இருப்பதால் பந்தை அதற்கு முன்னாலேயே நிறுத்திக்கொள்வது. ஏழாவது உச்சியில். அங்கே காற்று அடிக்கும், ஒரு கடை கூட்டிச் சொல்ல வேண்டும். எட்டாவதில் மட்டும் இஷ்டம்போல வீசலாம். ஒன்பதாவதில் கொடிக்கு முன்னால் குளம். அதற்கு எங்கள் யோசனை, குளத்தின் பக்கமே போகாமல் இடது பக்கம் சுற்றிக்கொண்டு போவது.

போட்டி நாள் வந்தது. மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வருபவரை அங்கே 'கேடி' என்பார்கள். அவர் மட்டும்தான் ஆடுபவருக்கு யோசனை சொல்லலாம். நம் பக்கம் கேடி என்றால் போலீஸ் தேடுகிற ஆள். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கேடியாக நின்றதைப் பார்த்து ஒருவர், பெண்கள் பை தூக்கும் வழக்கம் இங்கே இல்லை என்று ஆட்சேபித்தார். என் கணவரின் முகம் சுருங்கியது. அப்போது கர்னல் முன்னால் வந்தார். வெள்ளை மீசை, மெலிந்த உயரமான மனிதர்.

"பேக் தூக்குறது ஆராயாலும் எனக்கு விரோதமில்லா. களி தொடங்கட்டே" என்றார். பை தூக்குவது யாரானாலும் சரி, ஆட்டம் தொடங்கட்டும் என்று அவரே சொன்ன பிறகு ஆட்சேபித்தவர் விலகி வழிவிட்டார்.

குழிக்குக் குழி கணக்கு. குறைந்த அடியில் பந்தைப் போட்டவருக்கு அந்தக் குழி. முதல் குழி கர்னலுக்குப் போயிற்று. இரண்டாவதில் அவர் பந்து பலாமரத்தில் மோதித் திரும்ப, அது எங்களுக்கு. நான் தூரத்தையெல்லாம் கடைப் பெயராகவே சொல்லிக்கொண்டு வந்ததில், நான்காவது குழியில் கர்னலுக்குப் பொறுமை போய்விட்டது. "எந்தா அம்மா, இவிடெ எவிடெயா அரிசி மண்டி?" என்று, இங்கே எங்கே மண்டி என்பதுபோல் சுற்றிலும் பார்த்துக் கேட்டார். என் கணவர் விளக்கினார். கர்னல் சிரிக்கவில்லை. "கொள்ளாம்" என்றார். நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். ஏழாவது குழியில் என்னிடமே வந்து, காற்றுக்கு எத்தனை கடை கூட்டுகிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். எதிராளிக்குச் சொல்லக்கூடாது என்று தலையாட்டிவிட்டேன்.

எட்டுக் குழிகள் முடிந்தபோது இருவரும் சமம்.

ஒன்பதாவதில் கர்னல் குளத்தை ஒதுக்கி இடது பக்கம் பத்திரமாக அடித்தார். எங்கள் திட்டமும் அதுதான். அதற்கான மட்டையை உருவி நீட்டினேன். என் கணவர் வாங்கவில்லை. குளத்துக்கு அப்பால் இருந்த கொடியையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை மாதங்களில் அவர் எதையும் அப்படி ஆசையோடு பார்த்து நான் பார்க்கவில்லை.

"நேரா அடிச்சா எவ்வளவு இருக்கும்?" என்றார்.

"ஜவுளிக்கடை முக்கு."

"நீ என்ன சொல்லுத?"

இடது பக்கம் போங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் கேட்டிருப்பார். அன்று முழுவதும் கேட்டுக்கொண்டுதானே இருந்தார். கையிலிருந்த மட்டையைப் பைக்குள் திரும்பப் போட்டுவிட்டு, "தூரத்தைச் சொல்லிட்டேன். இனி உங்க இஷ்டம், அத்தான்" என்றேன்.

பெரிய மட்டையை எடுத்து அடித்தார். பந்து நேராகக் கொடியைப் பார்த்துப் போயிற்று. குளத்தைத் தாண்டி அக்கரைச் செம்மண்ணில் விழுந்தது. நான் கை தட்டப் போனேன். பந்து ஒரு கணம் நின்று, யோசித்து, மெதுவாகப் பின்னால் உருண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டது.

அவருக்கு அது சரியாகத் தெரியவில்லை. "என்னாச்சு?" என்றார்.

"தண்ணியில, அத்தான்."

"எவ்வளவு குறைஞ்சுது?"

"ஒரு முழம் இருக்கும்."

"ஒரு முழமா?" என்று கேட்டார். மறுபடி, "வெறும் ஒரு முழமா?" என்றார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். மட்டையை ஊன்றிக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஒத்தைக் கண்ணுக்கு ஒரு முழம் ஒரு குத்தமாடி?" என்று என்னைக் கேட்டார். நானும் சிரித்தேன். கர்னல் வந்து அவர் தோளில் கை வைத்து, "ரெண்டு கண்ணுள்ள ஞான் அது அடிக்கான் தைரியப்பட்டில்லா" என்றார். இரண்டு கண் இருந்தும் தனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை என்று.

கர்னல்தான் ஜெயித்தார். நாங்கள் கிழக்கேகோட்டைக்குப் பஸ் பிடித்து வந்தோம். வழியெல்லாம் அந்த ஒரு முழத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். இன்னும் கொஞ்சம் முழங்கையை நீட்டியிருக்கலாம், அடுத்த வருஷம் பார், என்று. மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது அவர் கல்லாவில் உட்கார்ந்து யாரோ ஒருவரிடம் ஆணி விலைக்கு வாதாடிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷமும் ஆடினார், அதற்கடுத்த வருஷமும். ஜெயித்ததும் உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் இன்றுவரை பேசப்படுவது அந்தத் தோல்விதான். கூட இருப்பது என்றால் விழாமல் பிடித்துக்கொண்டே இருப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பிள்ளைகள் வளர்ந்து ஏதாவது ஒரு துணிச்சலான காரியத்துக்கு என் முகத்தைப் பார்த்து நிற்கும்போதெல்லாம், அந்தக் குளத்தங்கரையில் வாயை மூடிக்கொண்ட நிமிஷத்தை நினைத்துக்கொண்டுதான் சரி என்று சொல்கிறேன்.