ஊமை என்று நான் எழுதிய வெட்டுக்கிளி

போன வருடம் மழை சற்று விட்டிருந்த சமயம், பொன்முடியில் நடந்தது இது. நான் திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வெட்டுக்கிளியில் ஒரு வகை உண்டு. உடம்பைவிட மீசை நீளம், இறக்கை அசல் இலை. அதில் துணையினங்களைப் பிரிப்பதுதான் என் பைத்தியம். ஆணின் வால்நுனிக் கொக்கி எப்படி வளைந்திருக்கிறது, இறக்கையை உரசி எப்படிப் பாடுகிறது, இந்த இரண்டையும் பார்ப்போம்.

பொன்முடி உச்சியில் இருப்பதன் பாட்டை மாணவியாக இருந்தபோதே டேப்பில் பதிவு செய்திருக்கிறேன். 'ஊசி போன்ற குரல்' என்று நோட்டிலும் குறித்திருக்கிறேன். ஆனால் இப்போது மூன்று தடவை போயும் அது வாயே திறக்கவில்லை. கொக்கியிலும் சின்ன வித்தியாசம் இருந்தது. பாட்டை மறந்துபோன புதுத் துணையினம் என்று முடிவுகட்டி, கட்டுரையும் எழுதிவிட்டேன். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அனுப்புவதற்கு முன் இன்னொரு தடவை பார்க்கலாம் என்று போனேன்.

மத்தியானம் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி இருட்டிவிட்டது. தேயிலைச் சரிவோரப் புதரில் ஒன்று உட்கார்ந்திருந்தது. முகத்தை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோனேன். இறக்கைகள் வெறி பிடித்த மாதிரி உரசிக்கொண்டிருந்தன. சத்தம் மட்டும் இல்லை. ரெக்கார்டரில் கோடுகள் எகிறின, ஹெட்போனில் ஒன்றுமே இல்லை. மெஷின் பழுது என்று அதைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

பனிக்குள்ளிருந்து கொழுந்துச் சாக்கோடு ஒரு பெண் வந்தாள். எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் இருப்பவள். இருபத்தைந்து வயது இருக்கும், முன்பே என்னைப் பார்த்திருக்கிறாள். பக்கத்தில் வந்ததும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"எப்படி டீச்சரே இவ்வளவு கிட்ட இருக்கீங்க? காது துளைக்குதல்லோ."

"எது?"

வெட்டுக்கிளியைக் காட்டினாள். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "டீச்சருக்குக் கேக்கலியா?"

"இது ஒண்ணுதானா கத்துது?"

"இந்தச் சரிவு முழுக்கக் கத்துதல்லோ."

சுற்றிப் பார்த்தேன். வெள்ளைப் பனி, துளிச் சத்தமில்லை. பயந்துதான் போனேன்.

திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகத்து வீட்டுக்கு வந்ததும் பழைய பதிவைத் தேடியெடுத்துப் போட்டேன். முதலில் என்னுடைய சின்ன வயசுக் குரல்: "இதோ, பாட ஆரம்பிச்சுடுத்து." அப்புறம் ஒன்றுமில்லை. சத்தத்தை முழுக்கக் கூட்டினேன். அப்போதும் ஒன்றுமில்லை. உள்ளேயிருந்து என் மகள், "அம்மா, அதை நிறுத்தேன், தலையை வலிக்கறது" என்றாள்.

வயது ஏற ஏற, உச்சக் குரல்கள்தான் காதைவிட்டு முதலில் போகும் என்று வகுப்பில் வருடா வருடம் சொல்பவள் நான். அது என் காதுக்கும் பொருந்தும் என்று தோன்றவே இல்லை. வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. கட்டுரையை அன்றே கிழித்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு ஓர் இடம் அமைதியாக இருக்கிறது என்று நான் சொல்வதில்லை. எனக்குக் கேட்கவில்லை என்றுதான் சொல்கிறேன்.